சைக்ளோப்ஸ் எங்கே போச்சு?

பெர்முடா முக்கோணம்னு பேச்செடுத்தாலே சைக்ளோப்ஸ் வந்துவிடும். அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல். 1918 மார்ச் 4 அன்று பார்படாஸிலிருந்து பால்டிமோருக்குக் கிளம்பியது. உள்ளே 306 பேர். ஆபத்துச் செய்தி வரவில்லை. ஒரு துண்டுப் பலகைகூடக் கிடைக்கவில்லை.

முதல் உலகப்போர் நேரம். அதனால் ஜெர்மனி மேல் சந்தேகம். ஆனால் அந்தப் பக்கம் தங்கள் நீர்மூழ்கி எதுவும் இல்லை என்றே போருக்குப் பிந்தைய ஜெர்மன் ஆவணங்கள் சொல்கின்றன.

மர்மக் கதைகள் சொல்லாம விடுற விஷயம் சரக்கு. சைக்ளோப்ஸ் நிலக்கரி சுமக்கக் கட்டிய கப்பல். அன்று ஏற்றியிருந்தது 10,000 டன்னுக்கும் மேல் மாங்கனீசு தாது. நிலக்கரி கிடங்கு முழுக்கப் பரவி நிற்கும். தாது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம்; அடியில் குவிந்து கிடக்கும். பாரம் சில இடங்களில் மட்டும் அழுத்தும். போதாக்குறைக்கு, இரண்டு எஞ்சின்களில் ஒன்று ஏற்கெனவே பழுது. பெரிய அலையில் கப்பல் நடுவில் முறிந்தால், தந்தி அடிக்க ஏது நேரம்?

இதே வகையில் கட்டிய புரோட்டியஸ், நீரியஸ் இரண்டும் 1941 நவம்பர், டிசம்பரில் அதே அட்லாண்டிக்கில் காணாமல் போயின. இரண்டிலும் இருந்தது பாக்சைட், அதாவது அலுமினியத் தாது. அதுவும் நிலக்கரியைவிடக் கனம்.

இது நிரூபணம் இல்லைதான். ஆனா வரைபடத்துல முக்கோணம் போடுறதுக்கு முன்னாடி, கிடங்குல என்ன இருந்துச்சுன்னு பாக்கலாமே!