உரம் என்று எழுதிய மூட்டைகள்

மயிலாப்பூரிலோ அடையாறிலோ வளர்ந்த ஒருவரிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து சென்னை வரைபடம் போடச் சொல்லிப் பாருங்கள். தெற்கே மாமல்லபுரம் வரைக்கும் தாராளமாகக் கோட்டை இழுத்துவிடுவார். வடக்கே பாரிமுனையில் பென்சில் நின்றுவிடும். கொஞ்சம் விவரமானவர் என்றால் ராயபுரம் வரை போவார். அதற்கு மேல் தாள் வெறுமையாகக் கிடக்கும். நானும் அந்த வரைபடத்துக்குள் வளர்ந்தவன்தான். அந்த வெற்றிடத்தில்தான் நம் பெட்ரோலைச் சுத்திகரிக்கிற ஆலை இருக்கிறது, உரத் தொழிற்சாலை இருக்கிறது, நம் ஏசி ஓடுவதற்கான நிலக்கரி எரிகிறது. அங்கே மணலி என்று ஓர் ஊர் இருப்பது தென்சென்னையின் குடும்ப வாட்ஸப் குழுக்களுக்கு ஒரே நாளில் தெரியவந்தது 2020 ஆகஸ்ட் முதல் வாரத்தில். ‘மணலி நம்ம வீட்டிலேர்ந்து எத்தனை கிலோமீட்டர்?’ என்பதுதான் எல்லோர் கேள்வியும். சுமார் 20 என்று பதில் வந்ததும் பாதிப் பேர் நிம்மதியானார்கள். மணலிக்காரர்களுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட் 4 மாலை லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 12ஆம் எண் கிடங்கு வெடித்தது. உள்ளே இருந்தது சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சத்தம் கடல் தாண்டி சைப்ரஸில் கேட்டது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த உலகம் அந்தச் செந்நிற மேகத்தை பத்துப் பன்னிரண்டு கோணங்களில் பார்த்தது. அடுத்த ஓரிரு நாளில் நம்மூர்ச் செய்தி வந்தது: சென்னைச் சுங்கத்துறை 2015இல் பறிமுதல் செய்த அதே பொருள், சுமார் 700 டன், மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஐந்து வருடமாக நின்றுகொண்டிருக்கிறது.

இந்தப் பொருளின் குணத்தை முதலில் பார்த்துவிடலாம். பள்ளியில் தீ முக்கோணம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன். மூன்றில் ஒன்றை எடுத்தால் தீ அணையும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் மூடியைப் போட்டு அணைக்கிறோமே, அதுதான். ஆக்சிஜனேற்றிகள் என்ற வகையறா இந்தப் பாடத்தைக் கலைத்துப் போடும். அவை ஆக்சிஜனைக் கூடவே கட்டிக்கொண்டு வருபவை, காற்றை எதிர்பார்ப்பதில்லை. தீபாவளி வெடியில் வெடியுப்பு செய்கிற வேலை இதுதான். பள்ளி ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் மேல் கிளிசரின் ஊற்றி, கொஞ்ச நேரம் எதுவுமே நடக்காமல், திடீரென்று ஊதா நிறத்தில் குப்பென்று எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அம்மோனியம் நைட்ரேட் இன்னும் ஒரு படி மேலே. அதன் ஒரே படிகத்துக்குள் நைட்ரேட் ஆக்சிஜனேற்றியாகவும் அம்மோனியம் எரிபொருளாகவும் அக்கம்பக்கத்தில் குடித்தனம் நடத்துகின்றன. சாதாரணமாகச் சண்டை கிடையாது. தனியாக, சுத்தமாக, குளிர்ச்சியாக இருக்கும்வரை அது சாது. சுமார் 170 டிகிரியில் உருகும், அதற்கும் மேல் சூடானால் சிதையத் தொடங்கும். சிதையும்போது வாயுக்கள் வெளியேற வழியில்லாமல் அடைபட்டாலோ, டீசல், கந்தகம், மரத்தூள் மாதிரி எதாவது கலந்திருந்தாலோ கதை மாறிவிடும். குவாரிகளில் பாறை உடைப்பதற்கு இதோடு வெறும் ஆறு சதவீத டீசல் எண்ணெயைத்தான் கலக்கிறார்கள். அதுவே போதும்.

அதனால் இதைக் கையாளும் இடங்களின் விதிகளைப் படித்தால் பாட்டி சமையலறைக்குப் போட்ட விதிகள் மாதிரி இருக்கும். ஈரம் படக்கூடாது. எண்ணெய் பக்கத்தில் வேண்டாம். கீழே கொட்டியதை மறுபடி மூட்டையில் அள்ளிப் போடாதே. மரத்தரை வேண்டாம். கொட்டிய இடத்தில் மரத்தூள் தூவித் துடைக்காதே. ஃபோர்க்லிஃப்டில் டீசல் ஒழுகுகிறதா பார். தீப்பிடித்தால் மூடி அணைக்கப் பார்க்காதே. கதவு ஜன்னலைத் திற, தண்ணீரை வெள்ளமாகக் கொட்டு. தீ பெரிதாகிவிட்டால் அணைக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு எல்லோரும் ஓடு. அலுப்பான வாக்கியங்கள். ஆனால் இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு மயானம் இருக்கிறது.

மரத்தூள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தி.நகர் நகைக்கடைகளுக்கு வேலை செய்கிற பட்டறைகளில் தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுகிற நைட்ரிக் அமிலமும் இதே வகையறாதான். 1973 நவம்பரில் பான் ஆம் நிறுவனத்தின் ஒரு சரக்கு விமானம் பாஸ்டனில் நொறுங்கியது. நைட்ரிக் அமிலப் புட்டிகளை உடையாமல் இருக்கட்டும் என்று மரத்தூளில் பொதிந்து ஏற்றியிருந்தார்கள். அமிலம் கசிந்தது, மரத்தூள் புகைந்தது, விமானிகளின் அறை புகையால் நிறைந்தது. மூன்று பேரும் இறந்தார்கள். அக்கறையோடு செய்த பொதி அது.

ஓப்பாவ் கதை இன்னும் விசித்திரம். ஜெர்மனியில் லுட்விக்ஸ்ஹாஃபென் அருகே பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் உர ஆலை. அம்மோனியம் சல்ஃபேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்த உரம், 4,500 டன், ஒரு கிடங்கில் குவிந்திருந்தது. இந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, நம் வீட்டுக் கல்லுப்பு மழைக்காலத்தில் கட்டியாவது போல இறுகிப்போகும். கடப்பாரையோடு அடியில் நின்று உடைத்தால் குவியல் சரிந்து ஆளைப் புதைத்துவிடும். ஆகவே சின்னச் சின்ன டைனமைட் வைத்துத் தளர்த்தினார்கள். படிக்கும்போது தலையில் கை வைக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்தக் கலவை வெடிக்காது என்று சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான முறை அப்படியே வெடிவைத்து உடைத்தும் எதுவும் ஆகவில்லை. இதற்கிடையில் உற்பத்தி முறையில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. உரம் முன்பைவிட உலர்ந்ததாக ஆனது. குவியலின் சில பகுதிகளில் நைட்ரேட் அதிகமாகச் சேர்ந்தது. 1921 செப்டம்பர் 21 காலை வழக்கம்போல வெடி வைத்தார்கள். இறந்தவர்கள் 500க்கும் மேல். குவியலில் பத்தில் ஒரு பங்குதான் வெடித்தது என்பது பின்னர் போட்ட கணக்கு.

‘இவ்வளவு நாள் ஓடிச்சே, இப்ப மட்டும் என்ன?’ என்ற வாதத்தை என் தொழிலில் வாரம் ஒரு முறை கேட்கிறேன். மென்பொருளில் அதற்கு விலை ஒரு சனிக்கிழமை இரவு. அதனால்தானோ என்னவோ, ஓப்பாவ் பற்றிப் படித்ததிலிருந்து அந்த வாக்கியம் காதில் விழுந்தால் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

அடுத்தது டெக்ஸாஸ் சிட்டி, 1947 ஏப்ரல் 16. ‘கிராண்ட்கேம்ப்’ என்ற பிரெஞ்சுக் கப்பலில் சுமார் 2,300 டன் ஏற்றியிருந்தது. போரில் நொடித்துப்போன ஐரோப்பாவின் வயல்களுக்குப் போகிற உரம். காகித மூட்டைகளில், அபாயம் என்று ஒரு வார்த்தையும் இல்லாமல். காலை எட்டு மணிவாக்கில் கப்பலின் அடித்தளத்தில் புகை தெரிந்தது. தண்ணீர் அடித்தால் சரக்கு கெட்டுவிடும் என்பது கேப்டனின் கவலை. மேல்மூடிகளை அடைத்து, உள்ளே நீராவியைச் செலுத்தச் சொன்னார். மற்ற எந்தச் சரக்காக இருந்தாலும் அது சரியான கப்பல் பாடம்தான். எண்ணெய்ச் சட்டிக்கு மூடி. ஆனால் இங்கே மூடி ஆக்சிஜனைத் தடுக்கவில்லை, வெப்பத்தையும் வாயுவையும்தான் அடைத்து வைத்தது. ஆரஞ்சு நிறப் புகை அழகாக இருக்கிறது என்று கரையில் கூட்டம் கூடியது. 9.12க்குக் கப்பல் வெடித்தது. 581 பேராவது இறந்தார்கள். ஊர்த் தீயணைப்புப் படையில் ஒருவரைத் தவிர எல்லோரும் அதில் அடக்கம்.

பெய்ரூட்டிலும் முதலில் போனது தீயணைப்புக் குழுதான். பத்துப் பேர். கிடங்கில் தீ என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது, கிடங்கில் என்ன என்று சொல்லப்படவில்லை. யாரும் திரும்பவில்லை. ஆனால் கிடங்கில் என்ன என்பது காகிதத்தில் பல பேருக்குத் தெரியும். ஜார்ஜியாவின் பதூமியிலிருந்து மொசாம்பிக் போகக் கிளம்பிய ‘ரோசஸ்’ என்ற ஓட்டைக் கப்பல் 2013 நவம்பரில் பெய்ரூட்டில் ஒதுங்கியது. கப்பலைத் துறைமுகம் பிடித்துவைத்தது, முதலாளி கைகழுவினார், மறுவருடம் சரக்கு 12ஆம் எண் கிடங்குக்குப் போனது. சுங்க அதிகாரிகள் 2014க்கும் 2017க்கும் இடையே நீதிமன்றத்துக்குக் குறைந்தது ஆறு கடிதங்கள் எழுதினார்கள்: ஏற்றுமதி செய்யலாமா, ராணுவத்துக்குக் கொடுக்கலாமா, வெடிமருந்து நிறுவனத்துக்கு விற்கலாமா? காலியான கப்பல் 2018இல் அங்கேயே மூழ்கியது. சரக்கு மட்டும் இருந்தது.

இப்போது மணலிக்கு வருவோம்.

தென்கொரியாவிலிருந்து 37 கன்டெய்னர்களில் 740 டன் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. இறக்குமதி செய்தது கரூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம். உர ரகம் என்று அறிவித்திருந்தார்கள். இல்லை, வெடிமருந்து ரகம் என்றது சுங்கத்துறை. ஏன் இந்த ரகப் பிரச்சினை? 2011 ஜூலை 13இல் மும்பையில் தொடர் குண்டுவெடிப்பு. அதே மாதம் மத்திய அரசு, 45 சதவீதத்துக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் உள்ள எந்தக் கலவையும் இனி வெடிபொருள் என்று அறிவித்தது. மறுவருடம் அம்மோனியம் நைட்ரேட் விதிகள் 2012 வந்தன. தயாரிக்க, வைத்திருக்க, ஏற்றிச்செல்ல எல்லாவற்றுக்கும் உரிமம். ஓப்பாவ் உரம் பாதிக்குப் பாதி என்று சொன்னேன். 45 என்ற கோடு அதற்குச் சற்றுக் கீழே விழுகிறது. டெக்ஸாஸ் மூட்டையில் உரம் என்று எழுதியிருந்ததற்கும், கரூர் ஆவணத்தில் உரம் என்று எழுதியிருந்ததற்கும் நடுவே இந்தக் கோடு நிற்கிறது. சட்டம் தன் வேலையைச் செய்தது. சரக்கு பிடிபட்டது. சுமார் 1.80 கோடி ரூபாய் மதிப்பு.

பிறகு நடந்தது நமக்கு ரொம்பப் பழக்கமான விஷயம். வழக்கு. வழக்கு முடியும்வரை சரக்கு சாட்சி. சாட்சியை யாரும் தொடமுடியாது. இறக்குமதியாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது 2019 நவம்பரில். நான்கு வருடம். பறிமுதல் செய்கிறவருக்குப் பாதுகாத்து வைக்கும் பொறுப்பு, நீதிமன்றத்துக்கு முடிவெடுக்கும் பொறுப்பு, வெடிபொருள் துறைக்கு உரிமம் பார்க்கும் பொறுப்பு, யார்டுக்கு வாடகைப் பொறுப்பு. ‘இது வெடித்தால் யாருடையது?’ என்பதற்கு மட்டும் பெயர் எழுதிய கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. இதை மெத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொருவரும் தன் மேஜையில் வேலையைச் செய்தார்கள். பெய்ரூட் அதிகாரிகளும்தான் கடிதம் எழுதினார்கள்.

அந்த ஐந்து வருடத்தில் ஒரு மழைக்காலத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். 2015 டிசம்பர். நமக்கு அந்த வெள்ளம் என்றால் அடையாறுதான்: செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி, சைதாப்பேட்டைப் பாலம், கோட்டூர்புரத்தில் மூழ்கிய வீடுகள், மொட்டைமாடியில் காத்திருந்த ஜனங்கள். அந்த நாட்களைப் பற்றி வந்த கதைகளும் கவிதைகளும் பெரும்பாலும் இந்தக் கரைகளில்தான் நடக்கின்றன. வடக்கே கொசஸ்தலை ஆற்றின் பக்கம் மணலி புதுநகரிலும் தண்ணீர் புகுந்தது. ஈரத்தை உறிஞ்சி இறுகுகிற உப்பு, 37 இரும்புப் பெட்டிகளில், வெள்ளக்காட்டில். 740 டன்னில் 43 டன் கெட்டுப்போனது. மிச்சம் 697. நிவாரணப் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு தென்சென்னை முழுக்கச் சுற்றிய வாரத்தில் எங்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு சரக்கு இருப்பதே தெரியாது. யார்டைத் தாண்டி வேலைக்குப் போய்வந்தவர்களுக்கும் தெரியாது என்பதுதான் முக்கியமானது.

பெய்ரூட்டுக்கு இரண்டு நாள் கழித்து மத்திய மறைமுக வரிகள் வாரியம் நாடு முழுக்க உள்ள சுங்கக் கிடங்குகளுக்கு 48 மணிநேரம் கொடுத்தது: ஆபத்தான சரக்கு எது எங்கே இருக்கிறது, பத்திரமாக இருக்கிறதா, சரிபார்த்துச் சொல்லுங்கள். சென்னையில் அதிகாரிகள், 2 கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பு கிடையாது என்றார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கையோ சுமார் 700 மீட்டரில் மணலி புதுநகர் இருக்கிறது என்றது. இரண்டுமே அரசுத் துறைகள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கூகுள் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். கூரைகள் தெரிகின்றன.

மின்னேலத்தில் சரக்கை எடுத்தது ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு வெடிமருந்து நிறுவனம். ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, முதல் பத்து கன்டெய்னர்கள் பாதுகாப்போடு கிளம்பின. சுமார் 181 டன். மற்றவை அடுத்த நாட்களில் போயின. ஐந்து வருடம் நகராத பொருள் பெய்ரூட்டுக்கு ஐந்தாம் நாள் நகர ஆரம்பித்தது. 2021இல் விதிகளைத் திருத்தினார்கள்: பறிமுதலான சரக்கைச் சீக்கிரம் ஏலம் விட வழி, துறைமுகத்தில் குவிக்கத் தடை, துறைமுக எல்லையிலிருந்து 500 மீட்டராவது தள்ளி வைக்கவேண்டும்.

எண்ணூர், மணலிச் சாலைகளில் இன்றும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். சிலவற்றின் பின்கதவில் சாய்சதுர வடிவில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஒரு வட்டம், அதன் தலையில் தீ, கீழ்முனையில் 5.1 என்ற எண். ஆக்சிஜனேற்றி என்று அர்த்தம். கூடவே 1942 என்ற எண்ணும் இருந்தால், அது வருடம் இல்லை, இந்த உப்புக்கு ஐ.நா. கொடுத்த எண். லாரிக்குப் பக்கத்திலேயே டீக்கடை.