கடல் கடக்கும் காரும் காட்டவேண்டிய ஆவணங்களும்

பிரித்தானியாவில் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை விடப்பட்டதும், அங்கு வாழும் எம்மவரில் கணிசமானோர் தமது சொந்தக் காரிலேயே ஐரோப்பாவுக்குப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர், ஜேர்மனியில் ஒரு திருமணம், பெருநாளைத் தொடர்ந்து உறவினரைக் காணச் செல்லும் பயணம் எனக் காரணங்கள் பலவாகும். டோவர் துறைமுகத்தில் காரைக் கப்பலில் ஏற்றினால் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இறங்கிவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ கல்முனையிலிருந்தோ பிள்ளைகளைப் பார்க்கச் சென்ற பெற்றோரும் அக்காரில் அமர்ந்திருப்பதுண்டு. ஆகவே, இது அங்குள்ளவர்களுக்கு மட்டுமன்றி இங்குள்ள வாசகர்களுக்கும் உரிய விடயமேயாகும்.

பயணம் குறுகியதாக இருப்பதனாலேயே பலர் அதனைச் சாதாரணமாக எண்ணிவிடுகின்றனர். ஆனால் கடக்கப்படுவது சர்வதேச எல்லையாகும். 2003 ஆம் ஆண்டு கைச்சாத்திடப்பட்ட லே துக்கே உடன்படிக்கையின்படி, பிரான்ஸின் எல்லைப் பரிசோதனை டோவர் துறைமுகத்திலேயே நடைபெறுகின்றது. காரில் உள்ள ஒருவரின் ஆவணம் குறைபாடுடையதாயின் அவர் அங்கேயே தடுக்கப்படுவார். அவரைத் தனியே விட்டுச் செல்ல முடியாத குடும்பம் முழுவதும் காரைத் திருப்ப நேரிடும்.

தேவையான ஆவணங்களை ஆட்களுக்குரியவை, சாரதிக்குரியவை, வாகனத்துக்குரியவை என மூன்றாகப் பிரித்து நோக்குவது நன்று.

முதலில் ஆட்களுக்குரியவை. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர், அது வழங்கப்பட்டு 10 ஆண்டுகள் கடவாத நிலையில் ஷெங்கன் வலயத்தினுள் நுழைய வேண்டும். அங்கிருந்து வெளியேறும் நாளிலிருந்து குறைந்தது 3 மாதங்களுக்கு அது செல்லுபடியாகவும் இருத்தல் வேண்டும். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. 2025 ஒக்டோபர் 12 இல் ஆரம்பிக்கப்பட்ட நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையின் கீழ் விரலடையாளமும் முகப்படமும் பெறப்படுகின்றன. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு அவசியமாகும். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உடன் செல்லாவிடின், அவர்களது எழுத்து மூலமான சம்மதக் கடிதத்தைக் கைவசம் வைத்திருப்பது உசிதமானது.

இலங்கைக் கடவுச்சீட்டுடன் செல்வோரே பெரிதும் இடர்ப்படுகின்றனர். பிரித்தானிய விசா பிரான்ஸுக்குச் செல்லாது. ஷெங்கன் விசா வேறாகப் பெறப்பட வேண்டும். பிரித்தானியாவில் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவருக்கும் இவ்விதி பொருந்தும். பார்வையாளராகச் சென்ற தாயாரோ தந்தையாரோ அங்கிருந்தவாறு ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்பதாயின், ஏன் தாம் வசிக்கும் நாட்டில் விண்ணப்பிக்கவில்லை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும். எனவே, புறப்படு முன்னர் கொழும்பிலேயே அதனைப் பெற்றுக்கொள்வது புத்திசாலித்தனமாகும். பயணத்துக்கு 6 மாதங்கள் முன்னரே விண்ணப்பிக்க இடமுண்டு. அகதிகளுக்கான பயண ஆவணத்தில் செல்வோருக்குரிய விதி நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. சேருமிடம் ஜேர்மனியாயினும் முதலில் நுழைவது பிரான்ஸில் என்பதால், இரு நாடுகளின் விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அடுத்தது சாரதிக்குரியது. புகைப்படத்துடன் கூடிய பிரித்தானிய சாரதி அனுமதிப்பத்திரம் பிரான்ஸுக்குப் போதுமானதாகும். இலங்கை அனுமதிப்பத்திரத்துடன் வாகனம் செலுத்த விரும்புவோர் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் அதனை வழங்குகின்றது. எனினும், காப்புறுதிப் பத்திரம் அனுமதிக்கும் சாரதிகளுள் அவரும் அடங்காவிடின் எந்த அனுமதிப்பத்திரமும் பயன்படாது.

மூன்றாவது வாகனத்துக்குரியவை. எம்மவர் ‘லொக் புக்’ என அழைக்கும் வி5சி பதிவுப் பத்திரத்தின் மூலப்பிரதி கையிலிருத்தல் வேண்டும். வாடகைக்கோ குத்தகைக்கோ பெற்ற காராயின், வெளிநாடு கொண்டு செல்லும் அனுமதியைக் காட்டும் விஈ103 சான்றிதழ் தேவை. சகோதரரின் பெயரிலோ கம்பனியின் பெயரிலோ உள்ள காராயின், அனுமதிக் கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொள்வது நன்று. வீதி வரியும் எம்.ஓ.ரி. தகுதிச் சான்றிதழும் செல்லுபடியாக இருத்தல் அவசியம். பழைய ‘ஜீபி’ ஒட்டி 2021 செப்டெம்பர் 28 இலிருந்து செல்லாது. ‘யூகே’ என்ற அடையாளமே வேண்டும். பிரான்ஸில் எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் காரில் இருப்பது கட்டாயமாகும்.

காப்புறுதி குறித்துத் தனியே கூற வேண்டியுள்ளது. 2021 ஓகஸ்ட் 2 இலிருந்து பிரித்தானிய வாகனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பச்சை அட்டை தேவைப்படுவதில்லை. இதனைக் கொண்டு முழுக் காப்புறுதியும் கடலைக் கடந்து தொடர்வதாக எண்ணிவிடலாகாது. சட்டம் உறுதிசெய்வது மூன்றாந் தரப்பினருக்கான ஆகக்குறைந்த பாதுகாப்பை மட்டுமே. சொந்தக் காருக்கு ஏற்படும் சேதமும் களவும் அடங்குமா என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டறிதல் வேண்டும்.

பிரித்தானிய வாசி ஒருவர் தமது காரை ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 மாதங்கள் வரை சுங்க வரியின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் பாரிஸில் வசிக்கும் உறவினரிடம் காரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினால் அச்சலுகை கேள்விக்குள்ளாகும்; வரி அறவிடப்படவும் கூடும்.

எமது சமூகங்களுக்கே உரிய சிக்கல் பெயராகும். தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் வரும். ஒன்றில் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். தமிழர், முஸ்லிம்கள் இரு சாராருக்கும் இது பொதுவானது. கப்பல் பயணச்சீட்டு, விசா, காப்புறுதி ஆகிய அனைத்திலும் கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயரைப் பதிவது பல கேள்விகளைத் தவிர்க்கும்.

மற்றுமொன்றை வலியுறுத்த வேண்டியது எமது கடமையாகும். திரும்பி வரும்போது காரில் ஓர் இடம் இருக்கின்றதே என எண்ணி, ஆவணமில்லாத ஒருவரை உறவுக்காக ஏற்றி வருவது பாரிய குற்றமாகும். 1971 ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடிவரவுச் சட்டம், 25 ஆம் பிரிவில், சட்டவிரோத நுழைவுக்கு உதவுவதைத் தண்டிக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் சட்டம் இதற்கான உச்சத் தண்டனையை 14 வருடங்களிலிருந்து ஆயுட்காலச் சிறையாக உயர்த்தியது. பணம் பெறவில்லை என்பது அங்கு விடுதலைக்கான காரணமாகாது.

எமது பாக்கு நீரிணையை நோக்கின் நிலைமை வேறு. 2023 ஒக்டோபர் 14 இல் ஆரம்பிக்கப்பட்ட நாகபட்டினம் – காங்கேசன்துறை சேவை பயணிகளுக்கான கப்பல் சேவையேயாகும். என்றாவது அவ்வழியே கார்களும் கடப்பதாயின், ‘கார்னே’ எனப்படும் சுங்க உறுதிப் பத்திரம் வேண்டியிருக்கும். காரின் கடவுச்சீட்டு என அதனைக் கூறலாம். வாகனம் திரும்பக் கொண்டு செல்லப்படாவிடின் வரி செலுத்தப்படும் என்பதற்கான பிணை அது. நுழையும்போதும் வெளியேறும்போதும் சுங்க அதிகாரி அதில் முத்திரையிடுவார். வெளியேறிய முத்திரை இன்றேல் உரிமையாளர் வரிப் பொறுப்பிலிருந்து மீள்வது கடினமாகும்.

ஒரு காரில் ஐவர் செல்வாராயின், அவர்களுள் எவரது ஆவணம் மிகக் குறைபாடுடையதோ அதுவே ஐவரது பயணத்தையும் தீர்மானிக்கும். பயணச்சீட்டைப் பதிவு செய்வதற்கு முன்னரே வீட்டு மேசையில் அனைவரது ஆவணங்களையும் பரப்பி வைத்து, பெயர், திகதி, விசா ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அரைமணி நேர வேலையே. துறைமுகத்தில் காண்பதற்குப் பதிலாகக் குறையை வீட்டிலேயே கண்டுகொள்வது மேலானதென நாம் கருதுகின்றோம்.