அரசு உதவி பெறும் பள்ளிகள்: தனியாகக் கேட்பதும் சேர்ந்து கேட்பதும்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, "அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?" என்றே நாம் கேட்கிறோம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதுதான் அரசு உதவி பெறும் பள்ளி. நிர்வாகம் ஒரு சங்கத்தின் அல்லது அறக்கட்டளையின் கையில் இருக்கும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் தரும். விலையில்லாப் பாடநூல், சத்துணவு ஆகியவையும் உண்டு. தமிழகத்தில் கிறிஸ்தவ, முஸ்லிம், இந்து நிர்வாகங்கள் பலவும் இப்படிப் பள்ளிகள் நடத்துகின்றன. ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளே அவற்றில் அதிகம்.

அமெரிக்காவில் இதற்கு ஓரளவு நெருக்கமானது 'சார்ட்டர் பள்ளி'. அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி அது. மின்னசோட்டா மாநிலம் 1991இல் அதற்கு முதல் சட்டம் இயற்றியது. பல மாநிலங்களில் அப்பள்ளிகள் மாநில அளவில் சங்கமாகச் சேர்ந்து தங்கள் தேவைகளை அரசிடம் எடுத்துச் சொல்கின்றன. இங்கோ 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று அரசு முடிவெடுத்தது. ஆகவே நம் முன்னோர் அதற்கு முன் உருவாக்கிய பள்ளிகளைக் காப்பது முக்கியமாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. சிறுபான்மை நிர்வாகம் என்பதற்காக உதவியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது 30(2). ஆனால் மானியம் பெறுவதே அடிப்படை உரிமை அல்ல, அது அரசின் கொள்கை முடிவு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அதாவது எல்லாவற்றையும் வழக்குப் போட்டு வாங்கிவிட முடியாது. அரசிடம் எடுத்துச் சொல்லித்தான் பெற வேண்டும்.

கிடைத்ததும் கிடைக்காததும்

காலை உணவுத் திட்டம் 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டிலும் வந்தது. உயர்கல்வி படிக்கும் மாணவியருக்கு மாதம் ரூ.1000 தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்கே தொடங்கப்பட்டது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2024 டிசம்பரில் விரிந்தது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் (2020) மட்டும் அரசுப் பள்ளி மாணவரோடு நின்றது. அதே தெருவில், அதே வறுமையில் வளர்ந்தாலும் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இவை எல்லாம் மாநில அளவில் எடுக்கப்படும் முடிவுகள். இண்டூரிலோ பென்னாகரத்திலோ இருந்து ஒரு நிர்வாகம் தனியாக எழுதும் மனுவுக்கு அங்கே எவ்வளவு கனம் இருக்கும்? முஸ்லிம்கள் சிறு எண்ணிக்கையில் வாழும் தர்மபுரி போன்ற மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது.

மார்க்கத்தில் முன்மாதிரி

யமனிலிருந்து மக்கா வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிய குறைஷித் தலைவர் பணம் தரவில்லை. அவர் சிலரிடம் தனித்தனியாக முறையிட்டும் பலனில்லை. பின்னர் அபூகுபைஸ் மலையில் ஏறி உரக்க முறையிட்டார். பல கோத்திரத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்குள்ளானவர் யாராயினும் அவருக்குத் துணை நிற்பதாக உடன்படிக்கை செய்தனர். அவருக்குரியது கிடைத்தது. அதுவே 'ஹில்ஃபுல் ஃபுழூல்'. நபித்துவத்துக்கு முன் நபி (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அதை உயர்வாகவே நினைவுகூர்ந்தார்கள்.

நியாயமான கோரிக்கைக்காகப் பிற சமயத்தார் நடத்தும் பள்ளிகளோடும் ஒரே அமைப்பில் உறுப்பினராக இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. பள்ளி எந்த வகை என்று கேளுங்கள். உதவி பெறும் பள்ளியிலும் சில ஆங்கிலவழிப் பிரிவுகள் சுயநிதியில் நடக்கும். சலுகைகள் அதற்கேற்ப மாறும்.

2. ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. சேர்க்கை குறைந்தால் பணியிடம் உபரியாகும். பிள்ளைகளைச் சேர்ப்பதே முதல் ஆதரவு.

3. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் உறுப்பினராகுங்கள், கூட்டத்துக்குச் செல்லுங்கள். தாய்மார்களும் பேசட்டும்.

4. பள்ளி எந்த மாநில அமைப்பில் உறுப்பினர், சந்தா கட்டப்பட்டுள்ளதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். சென்னையில் 1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்த முன்னோர், கல்விக்கு அமைப்பு தேவை என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

5. மனுவில் எண்களை எழுதுங்கள்: எத்தனை மாணவர், எத்தனை காலிப் பணியிடம், எத்தனை மாதமாக. முதன்மைக் கல்வி அலுவலர், சட்டமன்ற உறுப்பினர், மாநில சிறுபான்மையினர் ஆணையம் என எல்லோருக்கும் பிரதி அனுப்புங்கள்.

6. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள்.

கேட்பதில் ஒழுங்கு வேண்டும். நம் பள்ளிக்கு மட்டும் என்று கேட்பது சலுகை. இப்படிப்பட்ட எல்லாப் பள்ளிகளுக்கும் என்று கேட்பது நீதி. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதற்காக ஒன்றுபட்டு உழைக்கும் மனதை நமக்கும் தருவானாக. ஆமீன்.