கண் நீர் அழுத்த நோய்ச் சிகிச்சையின் வரலாறு: போடிநாயக்கனூர் மலைச்சரிவை முன்வைத்து

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்க்கு, சரிவில் கால் ஊன்றப் பக்கப்பார்வை இன்றியமையாதது. கண் நீர் அழுத்த நோய் முதலில் பறிப்பது அதனையே. நேர்ப்பார்வை நெடுங்காலம் குறையாதிருப்பதால் நோயாளி இழப்பை உணர்வதில்லை; இழந்த பார்வை மீள்வதுமில்லை.

சித்த மருத்துவ நூல்கள் கண்ணோய்களை 96 எனத் தொகுக்கின்றன. அவற்றுள் ஒன்றை இந்நோயோடு அப்படியே பொருத்திக்காட்டும் முயற்சி ஏற்புடையதன்று. விழியின் உள்ளழுத்தமே காரணம் என்னும் கருத்து ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உருவாக்கிய கருவி, உயிருள்ள கண்ணில் பார்வை நரம்பின் முகப்பைக் காட்டியது. 1857இல் கிரேஃபே, கதிராளியின் ஒரு பகுதியை வெட்டி நீக்கும் அறுவையை அறிவித்தார். திடீர் வலியுடன் வரும் வகைக்கு அது பயன்பட்டது. ஓசையின்றி முற்றும் வகைக்கு அவ்வளவாக உதவவில்லை.

இவ்விடத்தில்தான் சென்னையின் பங்கு தொடங்குகிறது. அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ராபர்ட் ஹென்றி எலியட், வெண்விழியும் கருவிழியும் சேருமிடத்தில் ட்ரெஃபைன் என்னும் வட்டக் கத்தியால் துளையிட்டு, உள்நீர் மேற்படலத்தின் அடியில் கசிய வழிசெய்தார்; 1909இல் அதனை வெளியிட்டார். அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்து 1870களிலேயே வழக்கிற்கு வந்திருந்தது. ஆயினும் தொலைவிலிருந்து வருவோர்க்கு, நாள்தோறும் இடும் மருந்தினும் ஒருமுறை செய்யும் அறுவையே பொருந்தியிருக்கும் எனக் கருதலாம். திறந்த துளை வழியே பிற்காலத் தொற்றும், அழுத்தம் மிகத் தாழ்தலும் நேர்ந்தன. 1968இல் கேம்பிரிட்ஜின் கெய்ர்ன்ஸ் துளையை வெண்விழியின் மெல்லிய மடலால் மூடினார். கசிவு என்னும் அடிப்படை மட்டும் மாறவில்லை.

1976இல் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னர் தேனியிலும் கிளை கண்டது. அதன் முகாம்கள் ஊர்தோறும் சென்றது பெரிதும் கண்புரைக்காகவே. புரை அறுவைக்குப் பின் பார்வை திரும்புகிறது. அயலார் கண்டு தாமும் வருகின்றனர். நீர் அழுத்த நோய்க்கு அத்தகைய சாட்சி இல்லை.

2003இல் வெளியான அரவிந்த் ஆய்வு, தென் தமிழகத்தின் 3 மாவட்டக் கிராமங்களில் 40 வயது கடந்த 5,150 பேரைப் பரிசோதித்தது, 2.6 விழுக்காட்டினர்க்கு இந்நோய் இருந்தது. அதன் முதன்மை வகையான திறந்தகோண நோயுடையோருள் 10இல் 9 பேருக்கு மேல் அதுவரை நோய் கண்டறியப்படாதவர்கள். டார்ச் ஒளியில் வெண்மையாய்த் தெரியும் புரையைப் போல இது தெரிவதன்று. நரம்பின் முகப்பைப் பார்த்தல், அழுத்தம் அளத்தல், பக்கப்பார்வை சோதித்தல் ஆகிய மூன்றும் வேண்டும். கண்டறிந்த பின்னும் வாழ்நாள் முழுதும் சொட்டு மருந்து. மறுபரிசோதனைக்கு ஒருநாள் மலையிறங்கினால் அன்றைய கூலி இல்லை.