ஐவர் மோதிப் பிறந்த இசை

1972-இல் லண்டன் அட்விஷன் ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பாட்டை ‘யெஸ்’ ராக் குழுவினர் துண்டு துண்டாகத்தான் வாசித்துப் பதிந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வாக்குவாதம். ஒலிப்பொறியாளர் எடி ஆஃபர்ட் நாடாக்களை வெட்டி ஒட்டினார். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டு. 18 நிமிடங்களுக்கு மேல். களைத்துப்போன டிரம்ஸ் கலைஞர் பில் ப்ரூஃபர்ட், வேலை முடிந்ததும் கிங் கிரிம்சன் குழுவுக்குப் போய்விட்டார்.

அந்த மோதல் இன்றும் காதில் விழுகிறது. கிறிஸ் ஸ்குவையரின் பேஸ் கிடார் அடியில் பதுங்காமல் ஸ்டீவ் ஹவ்வின் கிடாரோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கும். ரிக் வேக்மனின் ஆர்கனும் ஜான் ஆண்டர்சனின் உச்சக் குரலும் விட்டுக்கொடுக்காது. பக்கவாத்தியம் என்று அங்கே எதுவுமே இல்லை.

அடுத்த ஆண்டு, பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதத்தில் சாஸ்திரங்களைப் பற்றி வந்த ஓர் அடிக்குறிப்பைப் பற்றிக்கொண்டு ஆண்டர்சன் இரட்டை ஆல்பமே போட்டார்: நான்கு பக்கம், நான்கு பாட்டு. அது பிடிக்காத வேக்மன் 1974-இல் விலகினார்.

1983-இல் வந்த ‘90125’ வேறொரு குழுவின் இசைபோல ஒலித்தது. அதன் ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தாலும், அதில் தைரியம் இருந்தது.

2008-க்குப் பிறகு ஆண்டர்சன் குழுவில் இல்லை. 1968-இல் அவரோடு சேர்ந்து குழுவைத் தொடங்கிய ஸ்குவையர் 2015-இல் காலமானார். அதுவரை வந்த எல்லா யெஸ் ஆல்பத்திலும் வாசித்தவர் அவர் ஒருவரே. 2022-இல் டிரம்ஸ் கலைஞர் ஆலன் வைட்டும் மறைந்தார். இப்போது தயாரிப்பாளரும் ஹவ்தான். ‘தி குவெஸ்ட்’ (2021) பெருந்தொற்றுக் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுமாகப் பிரிந்திருந்து பதிவானது.

இந்தப் பிற்காலப் பாட்டுகளில் மெட்டுக்குக் குறைவில்லை. ‘மிரர் டு தி ஸ்கை’ (2023) ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் 76 வயது ஹவ்வின் விரல்கள் காட்டும் தெளிவு வியக்க வைக்கிறது. ஆனால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டதுபோல் இருக்கிறது. முன்பு பேஸும் கிடாரும் முட்டிக்கொண்ட இடத்தை ஆர்க்கெஸ்ட்ரா மெத்தென்று நிரப்பிவிடுகிறது. வயதல்ல குறை, எதிர்த்து வாசிக்க ஆளில்லை.

யெஸ்ஸைப் புதிதாகக் கேட்க வருபவர்கள் 1971-இன் ‘ஃப்ராஜைல்’ ஆல்பத்திலிருந்து தொடங்கட்டும். ஹெட்ஃபோனில் ஸ்குவையரின் பேஸை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து கேளுங்கள். அதன்பின் 2023-க்கு வாருங்கள்.