தோல் சோதனையும் ஷிப்ட் அட்டவணையும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் மூக்கு ஒவ்வாமை ஆய்வு

எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீர், பிறகு அடைப்பு, கண்ணில் அரிப்பு. இந்தத் தொல்லைகளோடு சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடத்திலோ ஒரு தொழிலாளி மருந்துக் கடைக்குப் போனால் ‘சைனஸ்’ என்பார்கள். மருத்துவரிடம் போனால் ‘டஸ்ட் அலர்ஜி’ என்பார். மருத்துவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்தப் பதில் கிடைத்ததுமே விசாரணை நின்றுவிடுகிறது. வீட்டுத் தூசி காரணம் என்றானபின், அவர் எந்த லைனில் நிற்கிறார், மூக்கு எந்த ஷிப்ட்டில் அடைக்கிறது, லீவில் ஊருக்குப் போனால் திறக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்தத் தொழிற்பகுதியில் மூக்கு ஒவ்வாமையை ஆராய வருகிறவர்கள் முதலில் கையில் எடுக்கவேண்டியது தோல் சோதனை ஊசியை அல்ல, ஷிப்ட் அட்டவணையை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோல் சோதனையின் மதிப்பைக் குறைத்துச் சொல்வது நோக்கமல்ல. ஒவ்வாமைக்குக் காரணமான ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புப் புரதத்தை 1960களில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் சுவீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். அதே பத்தாண்டில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹார்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும், வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் அதில் வாழும் நுண்ணிய உண்ணிதான் என்று காட்டினார்கள். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதன் உணவு. அதன் எச்சத்தில் உள்ள நொதிகள்தான் மூக்கைத் தாக்குகின்றன. காற்றில் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் உண்ணி செழித்துப் பெருகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் அதற்குக் குறைவே இராது. ஒரே அறையில் ஆறேழு பேர், தரையில் ஃபோம் மெத்தை, ஏ ஷிப்ட்டுக்கு ஒருவர் எழுந்து போனதும் சி ஷிப்ட் முடித்து வந்தவர் அதே மெத்தையில் படுப்பது, வெயில் எட்டாத ஜன்னல்: வாடகை விடுதிகளின் இந்த ஏற்பாடு உண்ணிக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. வெளியே வந்தால் ஏரிக்கரைச் சீமைக்கருவேலம், தோப்புச் சவுக்கு, காலி மனைகளில் பார்த்தீனியம். மூன்றின் மகரந்தமும் ஒவ்வாமை தரும் என்பது இந்திய ஆய்வுகளில் பதிவானதே.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இப்படிப்பட்ட சூழலில் யாருக்குச் சோதித்தாலும் தூசி உண்ணிக்குத் தோல் தடிப்பதற்கு வாய்ப்பு அதிகம். தடிப்பு காட்டுவது, உடல் அந்தப் பொருளை ஒருமுறை அடையாளம் கண்டு எதிர்ப்பு உருவாக்கியிருக்கிறது என்பதை மட்டுமே. இன்றைய தும்மலுக்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி. குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றி 1990களில் உலகம் முழுவதும் நடந்த ஐசாக் ஆய்வில் சென்னையும் ஒரு மையம். சளி, காய்ச்சல் இல்லாதபோது கடந்த பன்னிரண்டு மாதங்களில் தும்மலோ மூக்கடைப்போ வந்ததா என்பது அதன் அடிப்படைக் கேள்வி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதும். அதே கேள்வித்தாளை வளர்ந்தவர்கள் கையிலும் கொடுத்து, கூடவே தோல் சோதனையும் செய்து, விகிதம் சொல்லி முடித்துவிடுகிற ஆய்வுக்குத் தொழிற்சாலை கண்ணில் படவே படாது.

தொழிற்சாலைக்குள் என்ன இருக்கிறது? இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து கண்ணாடி, கைபேசி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள் என்று தொழில்கள் இப்பகுதியில் வரிசையாக வந்து சேர்ந்தன. (எந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வந்தாலும் அது உற்பத்தியின் வகையைக் காட்டுவதற்கே, அங்கே நோய் உண்டு என்பது பொருளல்ல.) பெயின்ட் ஷாப்பில் இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரிதேன் பூச்சுகளின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மெஷின் ஷாப்பில் உலோகம் கடையும்போது தெளிக்கிற கூலண்ட், பனிபோல் காற்றில் மிதக்கிறது. மின்னணு அசெம்ப்ளியில் சால்டரிங் செய்யும்போது ஃப்ளக்ஸில் உள்ள பைன் பிசின் புகையாகிறது. பெரிய ஆலைகளில் பெயின்ட் அடிப்பது ரோபோ, புகையை இழுப்பது குழாய் என்பது உண்மைதான். ஆனால் கலவை அறை, டச்-அப், ஸ்ப்ரே கன் கழுவுதல், ஃபில்டர் மாற்றுதல் எல்லாம் இன்னும் மனிதர் கையில்தான். பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆள் கையில். ஆலைக்கு உதிரிபாகம் தரும் சிறு பட்டறைகளில் ரோபோவும் கிடையாது.

இவற்றுள் ஐசோசயனேட்டும் பிசின் புகையும் சிறு மூலக்கூறு வேதிப்பொருள்கள். மகரந்தத்துக்கும் உண்ணிக்கும் இருப்பதுபோல் நம்பத்தகுந்த தோல் சோதனைக் கரைசல் இவற்றுக்கு இல்லை. ஐசோசயனேட்டால் ஆஸ்துமா வந்தவர்களிலும் சிலருக்கே அதற்கான ஐ.ஜி.ஈ. இரத்தத்தில் தெரிகிறது. ஆகவே பெயின்ட் ஷாப் தொழிலாளிக்குச் செய்யும் சோதனையில் உண்ணிக்குத் தடிப்பு வரும். பெயின்ட்டுக்கு ஒன்றும் வராது. ‘டஸ்ட் அலர்ஜி’ என்று எழுதிவிடுவார்கள்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற 1970களின் பிரிட்டன் ஒரு வழி காட்டியது. மின்னணுத் தொழிற்சாலைகளில் சால்டரிங் செய்தவர்களுக்கு வந்த ஆஸ்துமாவைப் ஷெர்வுட் பர்ஜ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். அவர்கள் தொழிலாளிகளிடம் கொடுத்தது பீக் ஃப்ளோ மீட்டர் என்ற எளிய குழாய். விழித்தது முதல் உறங்கும்வரை மணிக்கு ஒருமுறை ஊதி, அளவைக் குறித்துவைக்க வேண்டும். வேலை நாளிலும் விடுமுறையிலும். 1979இல் ‘தோராக்ஸ்’ இதழில் வெளியான அந்த வரைபடங்களைப் பார்த்தால் நோயின் நடையே தெரியும். சிலருக்கு வேலை முடிந்து சில மணியில் மூச்சு பழையபடி ஆகிவிடுகிறது. சிலருக்கு வாரம் முழுக்கப் படிப்படியாக இறங்கி, விடுமுறையில் ஏறுகிறது. வேறு சிலருக்கு மீள மூன்று நாளுக்கு மேல் பிடிக்கிறது; அவர்களுக்கு வார விடுமுறையே போதவில்லை.

ஆறு நாள் வேலை, ஞாயிறன்று சில வேளை ஓ.டி. என்கிற நம் பகுதிக்கு இந்த மூன்றாம் வகைதான் முக்கியம். ஒரே ஒரு நாள் ஓய்வில் மாற்றம் தெரியவில்லை என்றால் ‘வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று முடிவுகட்டுவது தவறாகிவிடும். அதனால் அளவீட்டை ஆலையின் ஆண்டுப் பராமரிப்பு மூடலை ஒட்டி வைக்கவேண்டும். பொங்கல் லீவு நல்ல வாய்ப்பாகத் தோன்றும். ஆனால் போகிப் புகையும் அறுவடைத் தூசும் கணக்கைக் குழப்பிவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆரோக்கியமானவருக்கும் மூச்சளவு விடியற்காலையில் தாழும், மூக்கும் அப்போதுதான் அதிகம் அடைக்கும். சி ஷிப்ட் ஆளின் அதிகாலை நான்கு மணி அளவை ஏ ஷிப்ட் ஆளின் காலை பத்து மணி அளவோடு ஒப்பிட்டால் இரவு வேலையே நோய்போல் தோன்றும். ஷிப்ட் வாரந்தோறும் மாறுகிற இடத்தில், ஒருவருடைய அளவை அதே ஷிப்ட்டில் அவருடைய வேறு நாள் அளவோடு மட்டுமே வைத்துப் பார்க்கவேண்டும். மூக்குக்கும் இதேபோல், மூக்கால் உள்ளிழுக்கும் காற்றின் வேகத்தை அளக்கும் மீட்டர் இருக்கிறது. பர்ஜின் முறையை மூக்குக்குக் கொண்டுவருவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.

மூக்கொழுகலுக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். பின்லாந்தில் தொழில்சார் மூக்கழற்சி என்று பதிவான 3,637 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, மற்றத் தொழிலாளரைவிட அவர்களுக்கு ஆஸ்துமா வரும் அபாயம் 4.8 மடங்கு என்று 2003இல் வெளியான ஆய்வு கண்டது. பதிவாகி அடுத்த ஓராண்டில்தான் அது மிகக் கூடுதல். 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு, ஆஸ்துமா இல்லாத 6,461 பேரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் 4.0 விழுக்காட்டினருக்குப் பின்னாளில் ஆஸ்துமா வந்தது. தோல் சோதனையில் ஒன்றும் தெரியாத, ஆனால் மூக்கழற்சி உள்ளவர்களில் 3.1, இரண்டும் இல்லாதவர்களில் 1.1. நடுவிலுள்ள எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சோதனை ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுகிறவர்களின் எண் அது. தூசி, மாவு போன்ற புரதப் பொருள்களில்தான் மூக்கு தெளிவாக முந்திக்கொண்டு எச்சரிக்கிறது. ஐசோசயனேட்டில் அந்த முந்தல் அவ்வளவு உறுதியில்லை. பெயின்ட் ஷாப்பில் மூச்சையும் சேர்த்து அளக்கச் சொல்வது அதனால்தான்.

கூலண்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நீரும் எண்ணெயும் கலந்த அந்தப் பால்நிறக் கலவை தொட்டியில் சேர்ந்து, வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. இரண்டு நாள் மெஷின் நின்றால் அதில் பாக்டீரியா பெருகி, வேலை தொடங்கும் காலையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மெஷின் ஆபரேட்டர்களுக்கு அது பழகிப்போன வாடை. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே லாங்பிரிட்ஜ் கார் எஞ்சின் ஆலையில் 2003–04இல் 87 பேருக்கு, அதாவது தொழிலாளரில் பத்தில் ஒருவருக்கு, கூலண்ட் பனியோடு தொடர்புடைய ஆஸ்துமாவோ நுரையீரல் ஒவ்வாமை அழற்சியோ கண்டறியப்பட்டது. கூலண்ட் பராமரிப்பு வெறும் மெஷின் ஆயுள் சார்ந்த விஷயமாக நடத்தப்படும் இடங்களில் இந்த எண்ணை நினைவூட்டுவது தகும்.

பின்லாந்தில் அந்த ஆய்வு சாத்தியமானது எப்படி? அங்கே தொழில்சார் மூக்கழற்சிக்கு அரசுப் பதிவேட்டில் இடம் இருந்தது. இங்கே 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மருத்துவர் அரசுக்கு அறிவிக்கவேண்டிய 29 நோய்களை அடுக்கியது. எண்ணெயால் வரும் தோல் அழற்சி அதில் இருந்தது. அதே எண்ணெயின் பனியால் வரும் மூக்கழற்சி இல்லாதிருந்தது. ஐசோசயனேட் நஞ்சேற்றம் இருந்தது; ஆஸ்துமா இல்லை. நஞ்சு அளவைப் பொறுத்தது. ஒவ்வாமை அப்படியல்ல, உடல் ஒருமுறை பழகிக்கொண்டபின் மிகச் சிறிய அளவே போதும். சட்டத்தின் பார்வை நஞ்சோடு நின்றுவிட்டது. 2020ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்தப் பட்டியலைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது.

இழப்பீட்டுச் சட்டங்கள் கொஞ்சம் தாராளமாக இருந்தன. தொழில்சார் ஆஸ்துமா அவற்றின் பட்டியலில் பி பகுதியில் இடம்பெற்றது. ஆனால் 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாத வேலையைக் கேட்டது, ஈ.எஸ்.ஐ. சட்டமும் தொடர்ந்த ஆறு மாதத்தைக் கேட்டது. கான்ட்ராக்டர் மாறும், பெயரை எடுத்துவிட்டு மறுபடி சேர்ப்பார்கள், அப்ரண்டிஸ் காலம் முடிந்தால் வேறு கம்பெனி. ஐசோசயனேட் ஒவ்வாமை படிய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள். அது படிகிற வேகமும் ஆள் மாறுகிற வேகமும் ஒத்துப்போவதில்லை. மூச்சு முட்டியவர் தானாகவே வேலையை விட்டுப் போய்விடுவதால், ஆலைக்குள் இன்று கணக்கெடுத்தால் மிஞ்சியிருக்கும் திடமானவர்களையே எண்ண நேரும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் ஊர் திரும்பினார்கள். அப்படிக் கலைந்துபோன ஒரு கூட்டத்தைப் பின்னாளில் எந்த ஆய்வாளர் எங்கே போய்த் தேடுவார்?

சிகிச்சை பற்றி ஒரு குறிப்பு போதும். கடைகளில் கேட்டதும் கிடைக்கிற சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. அது தூக்கம் தரும். இரவு ஷிப்ட்டில் பிரஸ் முன்னால் நிற்பவருக்கு ஆகவே ஆகாது. தொடர்ந்த அடைப்புக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேதான் உலக வழிகாட்டுதல்களில் முதன்மையானது. ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லுக்குப் பயந்து அதை ஒரே வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஷிப்ட் அட்டவணையோடு அளக்கும் இப்படியோர் ஆய்வுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நோய் உறுதியானால் தொழிலாளிக்குக் கிடைப்பது ‘நாளையிலிருந்து வரவேண்டாம்’ என்ற பதிலாக இருக்கலாம். காரணியிலிருந்து சீக்கிரம் விலகியவருக்கே குணமடையும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவ உண்மை. விலகினால் சம்பளம் போகும் என்பது அதற்கு ஈடான உண்மை. ஆகவே தனிநபர் அளவீடு நிர்வாகத்தின் கைக்குப் போகக்கூடாது. எந்த வேலை, எந்த அறை என்ற தொகுப்பு முடிவு மட்டுமே போகவேண்டும். அப்போதுதான் ஆளை மாற்றுவதற்குப் பதில் காற்றை மாற்றச் சொல்ல முடியும்.

இந்த ஆய்வுக்குப் புதிய கட்டமைப்பு எதுவும் வேண்டியதில்லை. பணியிடத்துக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம் 2024 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. அதன் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்க்கலாம்: வேலை நேரத்தில் மூக்கோ மூச்சோ மோசமாகிறதா? நீண்ட லீவில் தேறுகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்பவர்களிடம் மீட்டரைக் கொடுத்து, ஈ.எஸ்.ஐ. தென்மண்டலத் தொழில்நோய் மையம் இருக்கும் கே.கே. நகருக்கு அனுப்பலாம். கான்ட்ராக்டர் எத்தனை முறை மாறினாலும் தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் மாறுவதில்லை. எந்த மாதம் எந்த நிறுவனம் சந்தா கட்டியது, எந்த மாதம் அவர் தும்மலுக்கும் வீசிங்குக்கும் டிஸ்பென்சரிக்கு வந்தார் என்ற இரு பதிவுகளைப் பெயர் நீக்கி இணைத்தால், ஆலைக்குள் நுழையாமலே ஒரு நீண்டகால ஆய்வு கைக்கு வந்துவிடும். மாதம் 21,000 ரூபாய் உச்சவரம்பைத் தாண்டிய நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் இந்த வலையில் விழமாட்டார்கள்; அவர்களுக்கு ஆலையின் ஆண்டு மருத்துவப் பரிசோதனைப் படிவத்திலேயே அதே இரண்டு கேள்விகளையும் அச்சிடவேண்டும்.