கல்லூரியின் பெயரும் எஞ்சினீயர் உத்தியோகமும்

ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் காரியதரிசி கேட்டபோது, சோழர் பெருமையை எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். ஆனால் கரக்பூரில் நம் காலனியில் எந்தக் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் அமர்ந்தாலும் காதில் விழும் பேச்சு ஒன்றே: "பையன் எந்தக் கல்லூரி?" என்ன கற்றான் என்று கேட்பார் சிலர்; எங்கே கற்றான் என்று கேட்பாரே பலர். இக்கேள்விக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது நம் ரெயில்வேக்கு ஏறக்குறைய ஒத்த வயதினது.

நம் நாட்டின் எஞ்சினீயரிங் கல்லூரிகள் சர்க்காரின் வேலைக்காகவே பிறந்தவை. கங்கைக் கால்வாய்க்கு ஆள் வேண்டியிருந்தது. 1847-ஆம் ஆண்டில் ரூர்க்கியில் கல்லூரி எழுந்தது. பூனாவில் 1854-ஆம் ஆண்டிலும், கல்கத்தாவில் 1856-ஆம் ஆண்டிலும் கல்லூரிகள் தோன்றின. சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய சர்வே பள்ளி படிப்படியாக வளர்ந்து கிண்டிக் கல்லூரி ஆயிற்று. படிப்பித்தவரும் சர்க்கார், படித்தவர்க்கு வேலை தந்தவரும் சர்க்கார்.

பிறகு வந்தது கூப்பர்ஸ் ஹில். இந்தியப் பொதுப்பணித் துறைக்கு எஞ்சினீயர்களைத் தயாரிப்பதற்கென்றே 1872-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட கல்லூரி இது. ஆண்டிற்கு 150 பவுன் கட்டணம். அத்தொகையை அந்நாளில் எந்த இந்தியக் குமாஸ்தாவின் பிள்ளை கட்டியிருக்கக் கூடும்? இதன் முதல் தலைவர் கர்னல் செஸ்னி. ஜெர்மானியர் இங்கிலாந்தின்மீது படையெடுத்து வெல்வதாகக் கற்பனைக் கதை எழுதி, 1871-ஆம் ஆண்டில் தம் நாட்டாரைக் கலங்க அடித்தவரும் இவரே. அது நிற்க. கூப்பர்ஸ் ஹில்லில் தேறியவர்க்கு இந்தியாவில் உயர் உத்தியோகம் காத்திருந்தது. ரூர்க்கிக்கும் பூனாவிற்கும் கிண்டிக்கும் கிடைத்தவை எண்ணிக் கொடுத்த சில இடங்களே. பின்னர்த் துறையையே இம்பீரியல் என்றும் மாகாணம் என்றும் இரு வகுப்பாகப் பிரித்து, இந்தியக் கல்லூரியாரை இரண்டாம் வகுப்பில் குறைந்த ஊதியத்தில் அமர்த்தினர். ஒரே ஆற்றுக்கு ஒரே பாலத்தை இருவரும் கட்டினர். சம்பளப் பட்டியல் மட்டும் வேறு. கூப்பர்ஸ் ஹில் 1906-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் பழக்கம் மூடப்படவில்லை.

விசுவேசுவரய்யா அவர்களை எண்ணிப் பாருங்கள். பூனாக் கல்லூரியின் தேர்வில் 1883-ஆம் ஆண்டில் முதலாவதாகத் தேறி, மறு ஆண்டே பம்பாய்ப் பொதுப்பணித் துறையில் உதவி எஞ்சினீயர் ஆனார். முதலிடம் பெற்றமையால் கதவு திறந்தது. ஆயினும் சீப் எஞ்சினீயர் நாற்காலி இந்தியர்க்கு எட்டாதிருந்த காலம் அது. அவர் 1908-ஆம் ஆண்டில் அவ்வேலையை விட்டார். மறு ஆண்டே மைசூர் சமஸ்தானம் அவரைத் தன் சீப் எஞ்சினீயராக அமர்த்திக்கொண்டது. 1912-ஆம் ஆண்டில் திவானும் ஆக்கியது.

கல்லூரியின் பெயரைக் கேளாத வாயில்களும் இல்லாமற் போகவில்லை. 1920-ஆம் ஆண்டில் சென்னையில் பதிவான எஞ்சினீயர்கள் கழகம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு அவற்றுள் ஒன்று. பகலில் ஒர்க்ஷாப்பிலும் ஆபீசிலும் உழைத்து, இரவில் படித்துத் தேறியவர்க்கு அது பட்டத்திற்குச் சமமென்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. கைவிளக்கின் அடியில் அத்தேர்வுக்குப் படித்து மேலேறிய பெரியவர்களை நம் காலனியே கண்டிருக்கிறது. அந்தச் சமமதிப்பை 2013-ஆம் ஆண்டு மே மாதம் வரை சேர்ந்தவர்களுக்கே உரியதாக்கி ஆணை வந்தபோது, நமக்கு நெருங்கிய வீட்டில் ஒருவர் இழந்தாற்போல இருந்தது. ஜமால்பூர் அப்ரன்டீஸ் முறை மற்றொன்று. 1927-ஆம் ஆண்டு முதல், இன்டர்மீடியட் தேறிய இளைஞரைப் பொதுத் தேர்வில் பொறுக்கி, ஒர்க்ஷாப்பிலேயே பயிற்றி ரெயில்வே அதிகாரிகளாக்கினர். அத்தேர்வும் 2015-ஆம் ஆண்டோடு நின்றது. சிக்கனமென்றும் சீர்திருத்தமென்றும் சொல்லப்படும் காரியங்களில், முதலில் அடைபடுவது இத்தகைய பக்க வாயிலே என்பது நம் அனுபவம்.

மறுபுறம், புதிய பெருவாயில் ஒன்று நம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே திறந்தது. வெள்ளையர் தேசபக்தர்களைப் பூட்டி வைத்த ஹிஜ்லிச் சிறைமுகாமில், 1931-ஆம் ஆண்டில் கைதிகள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்ட அதே கட்டிடத்தில், 1951-ஆம் ஆண்டில் 224 மாணவரோடு முதல் ஐ.ஐ.டி. வகுப்புகள் தொடங்கின. நம் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை அங்கு உலோகவியல் கற்று 1993-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின் அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, 2015-ஆம் ஆண்டில் கூகுளின் தலைவரானார். உருக்கு உலையைப் பற்றிப் படித்தவர் கம்ப்யூட்டர் கம்பெனியை ஆள்கிறார் என்றால், படித்த பாடத்தைக் காட்டிலும் படித்த இடத்திற்கு மதிப்புண்டு என்று பெற்றோர் எண்ணுவதில் வியப்பென்ன? அவர் திறமையையும் உழைப்பையும் நாம் குறைத்துரைப்பதாகக் கொள்ள வேண்டா.

டிசம்பர் முதல் தேதி பிறந்ததும் பெரிய கம்பெனிகள் ஐ.ஐ.டி.களுக்குள் ஆள் எடுக்க நுழைகின்றன. கம்பெனிக்காரர் சொல்லும் நியாயம் எளிது: லட்சக்கணக்கானோரைத் தனித்தனியே சோதிக்க இயலாது, கடினமான நுழைவுத் தேர்வு முன்னமே சலித்துவிட்டது, சலித்ததிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்பர். அவர்களுக்கு அது சௌகரியமே. ஆனால் பதினேழாம் வயதில் ஒரு நாள் எழுதிய பரீட்சை, ஐம்பதாம் வயதின் பதவியையும் அளக்கலாமா? கூப்பர்ஸ் ஹில்லில் பிறப்பும் பணமும் சலித்தன. இன்று மதிப்பெண் சலிக்கிறது. இது மேல் என்பதில் ஐயமில்லை. எனினும் பயிற்சி வகுப்புக்குச் செலுத்தும் பணத்தையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் காலனிப் பிள்ளை ஒருவன் சிறு கல்லூரி ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தான், வகுப்பில் முதல்வன். சென்ற ஆண்டு ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டான். தாங்கள் ஆள் எடுக்கும் கல்லூரிகளின் பட்டியலில் அவன் கல்லூரி இல்லையென்று பதில் வந்தது. பரீட்சைக்குக்கூட அவனை அழைக்கவில்லை. அவன் தகப்பனார் அக்கடிதத்தை நம்மிடம் கொண்டுவந்து, "இதற்கு மறுமொழி எழுத வழியுண்டா, ஐயா?" என்று கேட்டார். மெட்ரிகுலேஷன் தேறிய நாம் என்ன எழுதுவது? சர்க்கார் சார்ந்த கம்பெனிகள் பல, கேட் தேர்வின் மதிப்பெண் கொண்டு ஆள் எடுப்பதை மட்டும் எடுத்துச் சொன்னோம். பிப்ரவரியில் பரீட்சை. இரவு பத்து மணிக்கு மேல் அவன் நம் சங்கத்து வாசகசாலையில் அமர்ந்து படிக்கிறான். சாவியை அவனிடமே கொடுத்து வைத்திருக்கிறோம்.